கையெழுத்து அவருடையது, ஒப்பந்தம் யாருடையது?

ஆலங்குளத்திலும் அதைச் சுற்றிய பாவூர்சத்திரம், முக்கூடல், கடையம் பக்கத்து ஊர்களிலும் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணுக்கு ஒரு பாஸ்புத்தகம் உண்டு. வாங்கிய இலை, தூள், திருப்பிக் கொடுத்த பீடி, சேரவேண்டிய கூலி, வைப்பு நிதிப் பிடித்தம் எல்லாம் அதில் ஏறவேண்டும். அது தானாக வந்துவிடவில்லை. தன் வீட்டில், தனக்குத் தோன்றிய நேரத்தில் சுற்றுபவர் எப்படித் தொழிலாளி ஆவார் என்பது முதலாளிகள் தரப்பின் நெடுநாள் வாதம். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றது. 1974-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. 1985-இல் வைப்பு நிதியும் இவர்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. வீட்டுக்குள் நடப்பது, பெண் செய்வது, கண்ணில் படாதது என்பதற்காக ஓர் உழைப்பைக் கணக்கில் வராததாக்கிவிட முடியாது என்று நிலைநாட்ட ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. (அந்தச் சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது, அது தனிக் கட்டுரைக்குரிய கவலை.) இதே ஊர்ப் பெண் ஒருவர் இன்னொரு தம்பதிக்காகக் கருவைச் சுமக்க முன்வந்தால் அவர் கையில் என்ன இருக்கும்? அரசு தயாரித்த ஒரு படிவத்தில் அவருடைய கையெழுத்து இருக்கும். அந்தக் காகிதத்தை வைத்து அவர் யாரிடம் எதைக் கேட்டுப் பெறலாம் என்பதற்குச் சட்டத்தில் நேரான விடை இல்லை. வாடகைத் தாய் ஒப்பந்தத்தின் சட்டத் தகுதியைப் பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, குழந்தை யாருக்கு என்பது. கேட்கத் தவறும் கேள்வி இதுதான்.

வாடகைத் தாய் என்று பொதுவாகச் சொன்னாலும் வகைகள் வேறு. சுமக்கும் பெண்ணின் சொந்தக் கருமுட்டையே பயன்பட்டால் அது பழைய முறை. குழந்தைக்கு அவர் மரபணுவழியிலும் தாய். வேறு முட்டையும் விந்தணுவும் சேர்ந்து ஆய்வகத்தில் உருவான கருவை அவர் கருப்பையில் வைத்தால், அவர் சுமப்பவர் மட்டுமே. பணம் சார்ந்து பார்த்தால் இன்னொரு பாகுபாடு: லாபத்துக்கான வணிக முறை, செலவைத் தவிர எதுவும் பெறாத சேவை முறை, இரண்டுக்கும் நடுவே, சுமந்த காலத்தின் இழப்பை மட்டும் ஈடுசெய்யும் முறை. இந்தியச் சட்டம் பழைய முறையை மூடிவிட்டது. வணிக முறைக்குச் சிறை வைத்தது. நடுவில் இருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்துபோனது.

உலகில் இந்த ஒப்பந்தம் முதலில் பெரிதாக மோதியது அமெரிக்காவின் நியூ ஜெர்சியில். 'பேபி எம்' வழக்கில் தன் சொந்த முட்டையில் உருவான குழந்தையை 10,000 டாலருக்குச் சுமந்து தர ஒப்புக்கொண்ட பெண், பெற்றபின் தர மறுத்தார். 1988 பிப்ரவரியில் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஒப்பந்தமே செல்லாது என்றது. ஆனால் குழந்தையின் நலன் கருதி வளர்ப்புரிமையைத் தந்தையிடம் கொடுத்து, பெற்றவருக்குப் பார்க்கும் உரிமையை மிச்சம் வைத்தது. ஐந்தே ஆண்டில், 1993-இல், கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் எதிர்த்திசையில் போனது. கரு இன்னொருவருடையது என்கிறபோது, குழந்தை வேண்டும் என்று எண்ணி இந்த ஏற்பாட்டைத் தொடங்கியவரே தாய் என்றது. பிரிட்டன் மூன்றாவது வழியைப் பிடித்தது: ஏற்பாடு குற்றமல்ல, ஆனால் ஒப்பந்தத்தை எந்தப் பக்கமும் நீதிமன்றத்தில் அமல்படுத்த முடியாது, பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் கழித்துப் பெற்றவர் தரும் சம்மதமே கணக்கில் வரும். இந்தியாவில் 2021 வரை தனிச் சட்டம் எதுவும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2005 வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட பலம் கிடையாது. மிச்சமிருந்தது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். பொதுநலக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்னும் அதன் 23-ஆம் பிரிவின் நிழல் ஒவ்வொரு வாடகைத் தாய்ப் பத்திரத்தின் மேலும் விழுந்துகொண்டே இருந்தது. குஜராத்தின் ஆனந்த் நகரில் 2008 ஜூலையில் பிறந்த மாஞ்சி என்ற குழந்தையின் கதை அந்த வெற்றிடத்தைக் காட்டியது. பிரசவத்துக்கு முன்பே ஜப்பானியத் தம்பதி பிரிந்துவிட, குழந்தையை அழைத்துப்போகப் பாட்டியார் உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. 2009-இல் சட்ட ஆணையம் தன் 228-ஆவது அறிக்கையில், வணிக நோக்கம் கூடாது, ஆனால் ஏற்பாட்டை ஒப்பந்தம்தான் ஆளவேண்டும் என்று சொன்னது. அந்த அறிக்கையின் முதல் பாதியை நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டது. இரண்டாம் பாதியை ஒரு படிவத்துக்குள் மடித்து வைத்தது.

2022 ஜனவரி 25-இல் அமலுக்கு வந்த வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, சுமக்கும் பெண் திருமணமானவராக, சொந்தமாக ஒரு குழந்தையாவது உள்ளவராக, 25 வயதிலிருந்து 35 வயதுக்குள் இருக்கவேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் சுமக்கலாம். மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் தவிர விதிகள் குறிப்பிடும் செலவுகளை மட்டுமே பெறலாம். மீறி வணிகமாக நடத்தினால் பத்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். குழந்தையின் நிலையைச் சட்டம் மிகத் தெளிவாகவே வைத்திருக்கிறது. பெற்றோர் யார், வளர்ப்புரிமை யாருக்கு என்று முதல் வகுப்பு நடுவர் நீதிமன்றம் முன்கூட்டியே ஆணை பிறப்பிக்கிறது. பிறக்கும் குழந்தை அந்தத் தம்பதியின் சொந்தக் குழந்தை என்றே கருதப்படும். எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கைவிட முடியாது. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். நியூ ஜெர்சியிலும் ஆனந்திலும் ஒப்பந்தத்தின் தலையில் விழுந்த பெரும் பாரம், அதாவது குழந்தை யாருடையது என்ற கேள்வி, இந்தியாவில் ஒப்பந்தத்தின் கையைவிட்டே போய்விட்டது. சட்டமும் நடுவரின் ஆணையும் அதை முடித்துவிடுகின்றன. அப்படியானால் சுமப்பவருக்கும் தம்பதிக்கும் இடையிலான உடன்படிக்கைக்கு மிஞ்சும் வேலை ஒன்றே ஒன்று: சுமப்பவரைக் காப்பது. அந்த ஒரே வேலையில்தான் அது பலவீனமாக இருக்கிறது.

அந்த உடன்படிக்கை இருக்கும் இடத்தைப் பாருங்கள். 2022 ஜூன் மாத விதிகளின் இரண்டாம் படிவம் அது. சம்மதமும் ஒப்பந்தமும் ஒரே காகிதத்தில். சுமப்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் பெறவேண்டும், கருப்பையில் கருவை வைப்பதற்கு முன்பு வரை அவர் பின்வாங்கலாம், யாரும் கருக்கலைப்புக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பவை நல்ல ஏற்பாடுகள். தம்பதி காப்பீடு எடுத்துத் தரவேண்டும். மருத்துவச் செலவு, உடல்நலக் கேடு, குறிப்பிட்ட இழப்பு, நோய், மரணம் ஆகியவற்றுக்கு ஈடு தருவதாக நடுவர் முன் உறுதிமொழிப் பத்திரமும் அளிக்கவேண்டும். ஆனால் அந்தக் 'குறிப்பிட்ட இழப்பு' எது, மாதக்கணக்கில் வேலைக்குப் போகாததால் போன கூலியும் அதில் சேருமா என்பதற்கு விதியில் விளக்கம் இல்லை. தம்பதி உறுதிமொழியை மீறினால், நாள்கூலிக்குப் போகும் ஒரு பெண் எங்கே மனுக் கொடுப்பார், எத்தனை நாளில் பணம் வரும் என்பதும் இல்லை. சிவில் வழக்குப் போடலாம் என்பார்கள். காய்கறிச் சந்தையில் தக்காளி தரம் பிரித்துப் பிழைக்கும் பெண்ணிடம் அதைச் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் ஒன்றே.

கூலி இழப்பு என்பது நான் கண்டுபிடித்த கோரிக்கை அல்ல. 2017 ஆகஸ்டில் நாடாளுமன்ற சுகாதார நிலைக்குழு தன் 102-ஆவது அறிக்கையில், வெறும் சேவை முறையை விட்டுவிட்டு ஈட்டுத் தொகையுடன் கூடிய முறையை ஏற்கும்படி பரிந்துரைத்தது. கூலி இழப்பையும் அதில் சேர்த்திருந்தது. மருத்துவர் சம்பாதிக்கிறார், வழக்கறிஞர் சம்பாதிக்கிறார், மருத்துவமனை சம்பாதிக்கிறது, சுமப்பவரிடம் மட்டும் தியாகத்தை எதிர்பார்ப்பதா என்பது அந்த அறிக்கையின் மையக் கேள்வி. அதற்குப் பிறகு வந்த மாநிலங்களவைத் தெரிவுக் குழு 2020-இல், நெருங்கிய உறவினர் மட்டுமே சுமக்கலாம் என்ற நிபந்தனையை நீக்கச் சொன்னது, காப்பீட்டை 16 மாதத்திலிருந்து 36 மாதமாக்கியது, இரண்டும் பயனுள்ளவை. கூலி மட்டும் வழியில் விழுந்துவிட்டது. விந்தை என்னவென்றால், இன்னொரு மேசையில் அரசே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2024 ஜூனில் திருத்தப்பட்ட மத்திய அரசு ஊழியர் விடுப்பு விதிகளின்படி, வாடகைத் தாயாகப் பிள்ளை பெறும் பெண் ஊழியருக்கும் 180 நாள் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. குழந்தையைப் பெற்றுக்கொள்ளும் தாய்க்கும் விடுப்பு உண்டு. அந்தப் பாதையைச் சென்னைத் துறைமுக ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2013-லேயே நீதிபதி கே. சந்துரு திறந்துவிட்டார். ஆக, அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் சுமந்தால் அந்த நாள்களுக்கு மதிப்பு உண்டு. சித்தாள் வேலைக்குப் போகும் பெண் சுமந்தால் அதே நாள்கள் தியாகமாகிவிடுகின்றன.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது 2022 அக்டோபரில். நயன்தாரா, விக்னேஷ் சிவன் இருவரும் இரட்டைக் குழந்தைகளுக்குப் பெற்றோரானதாக அறிவித்ததும், மாநில சுகாதாரத் துறை விசாரணைக்கு உத்தரவிட்டது. அம்மாத இறுதியில் வந்த அறிக்கை, அவர்கள் திருமணம் 2016-லேயே பதிவானது, ஒப்பந்தம் 2021 நவம்பரில் போடப்பட்டது, கரு 2022 மார்ச்சில் வைக்கப்பட்டது என்று தேதிகளை அடுக்கி, விதிமீறல் இல்லை என்றது. மருத்துவமனை ஆவணங்களைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று குறை சொன்னது. தொலைக்காட்சிகளில் வாரக்கணக்கில் விவாதம் நடந்தது. எதைப் பற்றி? திருமணத் தேதியைப் பற்றி. இரண்டு உயிர்களைச் சுமந்த பெண்ணின் பெயர் வெளிவராமல் இருந்தது சரிதான், அது அவருடைய உரிமை. ஆனால் அவருக்குச் சேரவேண்டியது சேர்ந்ததா, பிரசவத்துக்குப் பின் அவருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகூட எழவில்லையே! நீதிமன்றங்களிலும் ஏறக்குறைய இதே நிலைதான். சட்டத்தை எதிர்த்துச் சென்னை மருத்துவர் அருண் முத்துவேல் தொடுத்த வழக்கோடு சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுக்களில் பெரும்பாலானவை குழந்தை வேண்டுவோருடையவை. பிறவியிலேயே கருப்பை இல்லாத பெண் கொடையாளரின் முட்டையைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு 2023-இல் நிவாரணம் கிடைத்தது. சட்டம் வருவதற்கு முன்பே கருவை உறையவைத்த தம்பதிகளை வயது வரம்பு கட்டுப்படுத்தாது என்று 2025 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. இவை நியாயமான தீர்ப்புகள். வழக்கு நடத்தப் பணமும் பொறுமையும் உள்ள தரப்பின் குறை தீர்கிறது. மறுதரப்பு வாசற்படி ஏறவேயில்லை.

என் வாதம் இது: இந்த உடன்படிக்கை ஒருபக்கமாக அமலாகக்கூடியதாக இருக்கவேண்டும். செலவு, கூலி இழப்பு, காப்பீடு, பின்கவனிப்பு ஆகியவற்றைச் சுமப்பவர் கேட்டுப் பெற முடியவேண்டும். அவருடைய உணவு, நடமாட்டம், சிகிச்சை, கருவை வைத்துக்கொள்வது பற்றிய முடிவு ஆகியவற்றில் தம்பதி ஒப்பந்தத்தைக் காட்டிக் கட்டளையிட முடியாததாக இருக்கவேண்டும். ஒப்பந்தம் என்றால் இரு தரப்பையும் சமமாகக் கட்டவேண்டாமா என்று வழக்கறிஞர்கள் கேட்பார்கள். பணம் கொடுப்பதைக் கட்டாயப்படுத்தலாம், உடலைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது ஒப்பந்தச் சட்டத்துக்கே புதிதல்ல. பாட ஒப்புக்கொண்டவரைப் பாடியே தீர் என்று எந்த நீதிமன்றமும் ஆணையிடுவதில்லை. பாடியவருக்குப் பணம் கொடு என்று ஆணையிடும். தம்பதிக்கு வேண்டிய பெரிய பாதுகாப்பை, அதாவது குழந்தை தங்களுடையது என்ற உறுதியை, சட்டம் முன்பே கொடுத்துவிட்டது. எனவே இந்தச் சமமின்மையால் அவர்கள் எதையும் இழப்பதில்லை.

கூலி இழப்பைக் கொடுக்கத் தொடங்கினால் அதுவே விலையாகி, கருப்பைச் சந்தை பின்வாசல் வழியே திரும்பி வரும் என்பது வலுவான மறுப்பு. இதற்கு விடை வெளிநாட்டில் தேடவேண்டியதில்லை. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் சிறுநீரக விற்பனையைக் குற்றமாக்கியது. அதே சட்டம், 'பணம் கொடுத்தல்' என்றால் என்ன என்று விளக்கும்போது, கொடையாளி நேரடியாக இழந்த வருமானத்தை ஈடுசெய்வது அதில் சேராது என்றும் சொல்கிறது. சிறுநீரகம் தருபவரின் கூலி இழப்பை ஈடுசெய்வது விற்பனையல்ல என்றால், கருவைச் சுமப்பவரின் கூலி இழப்பை ஈடுசெய்வது மட்டும் எப்படி விற்பனையாகும்? அந்தச் சட்டம் இருந்தும் சிறுநீரக வியாபாரம் நிற்கவில்லையே, 2025-இல் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கதை வெளிவந்ததே என்று கேட்கலாம். கேட்கவேண்டும். அங்கே தரகர்கள் நுழையும் சந்து கூலி இழப்புப் பிரிவு அல்ல. அன்பின் காரணமாகத் தருகிறேன் என்ற வாக்குமூலம்தான் அந்தச் சந்து. உண்மைக் கணக்கை எழுத இடமில்லாத காகிதத்தில் பொய்யான பாசம் எழுதப்படுகிறது. வாடகைத் தாய்ப் படிவமும் இன்று அதே வகைக் காகிதம்தான்: எதுவும் பெறவில்லை என்று எழுதிவிட்டு, மேசைக்கு அடியில் பெறுவது. அடியில் போகும் பணத்துக்கு ரசீது கிடையாது. வராவிட்டால் கேட்கவும் முடியாது, ஏனெனில் கேட்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும்.

தடை எவ்வளவு கடுமையோ அவ்வளவு பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு அனுபவம் துணை நிற்கவில்லை. சட்டம் அமலுக்கு வந்து ஆறு மாதம் ஆவதற்குள், 2022 ஜூனில், ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் போலி ஆதார் அட்டையின் துணையோடு பலமுறை எடுத்து விற்கப்பட்டது அம்பலமானது. தாயும் தரகரும் கைதானார்கள். 2025 ஜூலையில் செகந்திராபாத்தில், வாடகைத் தாய் மூலம் உங்கள் குழந்தை என்று சொல்லிச் சுமார் 35 லட்சம் ரூபாய் வாங்கிய மையம் ஒன்று, ஏழைத் தம்பதியிடம் விலைக்கு வாங்கிய குழந்தையைக் கொடுத்ததாக வழக்கு பதிவானது. மரபணுப் பரிசோதனைதான் உண்மையைக் காட்டியது. வாடகைத் தாய் என்று ஒருவரே அங்கே இல்லை. சுமப்பவருக்கும் தம்பதிக்கும் இடையே, அதிகாரி முன்னால் கையெழுத்தாகி, வங்கி வழியே பணம் நகரும் உண்மையான உடன்படிக்கை கட்டாயமாக இருந்தால், இல்லாத பெண்ணைக் காட்டி ஏமாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

வறுமையால் பெண்கள் இதற்குள் தள்ளப்படுவார்கள் என்ற அச்சத்தை நான் சாதாரணமாக ஒதுக்கவில்லை. அதனால்தான் தொகையைப் பேரத்துக்கு விடக்கூடாது என்கிறேன். மாநிலம் அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலியை அளவாக வைத்து, எல்லாருக்கும் ஒரே தொகை. அழகு, நிறம், சாதி, படிப்பு பார்த்து ஏற்றி இறக்க முடியாதது. வாழ்நாளில் ஒரு முறைதான் என்ற வரம்பும் இருக்கிறது. ஒருவரைத் தூண்டும் அளவுக்கு அது பெரிய பணமாக இராது. அவர் கடன்படாமல் இருக்கும் அளவுக்கு இருக்கும். வறுமையைவிட நம் ஊர்ப் பக்கத்தில் நான் அதிகம் அஞ்சுவது உறவை. சட்டம் கேட்கும் தகுதிகளான கல்யாணம், ஒரு பிள்ளை, 35-க்குள் வயது ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு குடும்பத்தில் யாரைச் சுட்டும்? பெரும்பாலும் இளைய மருமகளை, கொழுந்தியாளை, வசதி குறைந்த தங்கையை. மாமியார் கேட்டால், மதினி அழுதால், 'முடியாது' என்று சொல்ல அந்த வீட்டில் அவருக்கு என்ன இடம்? வணிக நோக்கில் ஒரு பெண் சுமந்தால், அவர் நிர்ப்பந்திக்கப்பட்டார் என்றே நீதிமன்றம் அனுமானிக்கவேண்டும் என்று எழுதிய சட்டம், காசில்லாமல் சுமக்கும் உறவுக்காரப் பெண்ணை முழு விருப்பத்தோடு வந்தவர் என்று எடுத்துக்கொள்கிறது. பணம் ஒரு நிர்ப்பந்தம்தான். பாசம் அதைவிடச் சிறியதல்ல.

இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பதைவிட முறையையே ஒழித்துவிடலாம் என்பவர்களும் உண்டு. இத்தாலி 2024 அக்டோபரில், தன் குடிமக்கள் வெளிநாட்டில் போய் இதைச் செய்வதையும் குற்றமாக்கியது. அது ஒரு நேர்மையான நிலைப்பாடு. பெண்ணின் உடல் எந்த ஒப்பந்தத்துக்கும் பொருளாகக் கூடாது என்று நினைப்பவர் அங்கேதான் போய்ச் சேரமுடியும். இந்திய நாடாளுமன்றம் அந்த முடிவை எடுக்கவில்லை. சுமக்கலாம், ஆனால் சும்மா சுமக்கவேண்டும் என்றது. அனுமதித்த பிறகு, அதைச் செய்பவரை வெறுங்கையோடு நிறுத்துவதற்கு ஒழுக்கத்தைக் காரணம் காட்ட முடியாது.

செய்வதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். என்னென்ன செலவுகளைக் கொடுக்கலாம் என்பதை விதிகளுக்கே விட்டிருக்கிறது சட்டம். இரண்டாம் படிவம் கல்வெட்டும் அல்ல: 2023 மார்ச்சில் ஓர் அறிவிக்கையால் கொடையாளர் முட்டை, விந்தணுவுக்குத் தடை அதில் ஏறியது, 2024 பிப்ரவரியில் இன்னோர் அறிவிக்கையால், மாவட்ட மருத்துவ வாரியம் சான்றளித்தால் ஒரு தரப்பின் கொடை இருக்கலாம் என்று தளர்ந்தது. அதே பேனாவால் கூலி இழப்பைப் பட்டியலில் சேர்க்கலாம். முழுத் தொகையையும் நடுவரின் ஆணைக்கு முன்பே வங்கியில் கட்டவைத்து, மாதாமாதம் சுமப்பவர் கணக்குக்குப் போகச் செய்யலாம். கரு தங்காமல் போனாலும் நடுவில் கலைந்தாலும் அதுவரையிலான நாள்களுக்கும் உடல் தேறும் வாரங்களுக்கும் கணக்குத் தீர்க்கவேண்டும். குழந்தை பிறந்தால்தான் பணம் என்று எழுதினால் அது குழந்தையின் விலையாகிவிடும். கையெழுத்துக்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவர், தம்பதியோ மருத்துவமனையோ கணவரோ உடனில்லாமல், அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசவேண்டும். தமிழில் அமைந்த படிவத்தின் நகலும் காப்பீட்டு அட்டையும் அவர் கையிலேயே இருக்கவேண்டும். மருத்துவமனையின் கோப்பில் இருந்தால் போதாது, அந்தக் கோப்புகளின் லட்சணத்தை 2022 விசாரணையே சொல்லிவிட்டது. புகார் வந்தால் இத்தனை நாளில் தீர்ப்பது என்ற கெடுவோடு மாவட்ட அளவில் ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்கலாம். விதியைத் திருத்தும் அதிகாரம் டெல்லியிடம் இருக்கிறது. ஆனால் தனிப் பேச்சு, தமிழ் நகல், புகார் மேசை ஆகிய மூன்றுக்கும் சென்னை யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவேண்டியதில்லை.